சிவப்பில் நண்டு, பச்சையில் பால்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் அறிவதைவிட அது மரியாதை. அரசாங்க வைத்தியசாலை லாப்பில் முப்பத்து மூன்று வருடம் பிறத்தியாருடைய மலத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பிறகு, வர்ணத்தில் அச்சடித்த ஒரு தாளை நம்பி, மன்னார்த் தீவில் இருந்துகொண்டு கிட்டத்தட்ட ஐந்து மாதம் நண்டு தின்னாமல் இருந்தேன். என் மனைவி பிலோமினா ஒவ்வொரு ஞாயிறும் நண்டுக் குழம்பு வைத்தாள். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, நண்டின் காலை உடைத்து உறிஞ்சினாள்.

"மணக்கலாமோ? அதுக்கும் ஏதும் நிறம் போட்டிருக்கோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் சீனி பார்க்க இரத்தம் கொடுப்பதற்காகப் பழைய லாப்புக்குப் போனேன். ஊசியை எடுத்த பிள்ளை, "ஸேர், ஆக்கள் இப்ப கலர் கலரா ரிப்போட் கொண்டு வருகினம். எந்தச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கொள்ளாது எண்டு இரத்தத்தில பாக்கிறதாம். இதுக்கு நாங்கள் என்ன சொல்லுறது?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமி, பெரிய ஆள் மாதிரி மறுமொழி சொல்ல ஆயத்தமானேன். அதற்குள் அவளே, "நீங்களும் எடுத்தனீங்களாம்" என்றாள். முகக்கவசத்துக்குள் சிரிப்பு அசைந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் இந்த மறுமொழி.

நான் படித்த கதை பெரிதல்ல. கொழும்பில் இரண்டு வருடம் பயிற்சி. ஊசி குத்தப் பழகினேன், சிங்களத்தில் தேநீர் கேட்கப் பழகினேன், மிச்சத்தைப் பாடமாக்கிச் சோதனையில் எழுதிவிட்டு மறந்தேன். தொழிலைப் படிப்பித்தது மன்னாரில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஹனிபா ஸேர்.

எருக்கலம்பிட்டிக்காரர். ஒல்லியான ஆள், சத்தம் போடமாட்டார். பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் துடைக்கும் நேரத்தை வைத்துப் பிழையின் அளவை நாங்கள் மட்டுக்கட்டுவோம். என்னுடைய முதல் வருடத்தில் அந்தக் கண்ணாடி மிகவும் சுத்தமாக இருந்தது.

மலப் பரிசோதனையில் அவரிடம் சமாளிப்பு இல்லை. மாதிரி சூட்டோடு வரவேண்டும். நேரம் போனால் அமீபா அசைவதை நிறுத்திவிடும், அசையாத அமீபா அவசரக்காரனுடைய கண்ணுக்குப் படாது. கண்ணாடித் தகட்டின் ஒரு பக்கத்தில் ஒரு துளி உப்புநீர், மறுபக்கத்தில் ஒரு துளி அயடின். ஈர்க்கு நுனியில் கடுகளவு எடுத்து முதலில் உப்புநீரில் கரைக்க வேண்டும், பிறகுதான் அயடினில். கரைத்த தகட்டைப் பத்திரிகைக்கு மேல் பிடித்தால் எழுத்தை வாசிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் தடிப்பு கூடிவிட்டது, திரும்பச் செய். ஸேர் அந்தத் தகட்டினூடாக மரண அறிவித்தல்களை வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள் வெள்ளாங்குளத்திலிருந்து பஸ்ஸில் ஒரு போத்தல் வந்தது. மூன்று மணித்தியாலப் பழசு. நான் அதைத் திறக்கப் போனேன்.

"போத்தல் வந்த பஸ்ஸிலதானே ஆளும் வந்தவர்?" என்றார் ஸேர்.

"ஓம் ஸேர்."

"பின்னுக்குக் கக்கூஸ் இருக்கு. தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் பொறுமையா இருக்கச் சொல்லு. எங்களுக்கு அவசரமில்லை."

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. முதலாவது, விண்ணப்பப் படிவத்தில் நோயின் விவரம் எழுதும் சதுரம். அது வெறுமையாக வந்தால், அனுப்பியவர் எவ்வளவு பெரிய டொக்டர் என்றாலும் படிவம் திரும்பிப் போகும். "கேள்வியை எழுதாம மறுமொழி கேக்கினம். நான் என்ன சாத்திரமா பாக்கிறன்?" என்பார். நோயாளியை யன்னலடியில் நிறுத்தி, எப்போதிருந்து, எந்த நேரத்தில், அதற்கு முன் என்ன சாப்பிட்டது, என்ன குடித்தது என்று கேட்டுத் தானே அந்தச் சதுரத்தை நிரப்பிய நாள்களும் உண்டு.

இரண்டாவது, திங்கட்கிழமை விளையாட்டு. காலையில் வந்த இரத்தத்தில் ஒன்றை இரகசியமாக இரண்டாகப் பிரிப்பார். ஒன்று உண்மையான பெயரில் போகும். மற்றது, செபமாலை கனகசபை அப்துல் காதர் என்ற பெயரில். எந்தச் சமயத்தாரும் மனம் நோகக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், முருங்கனிலிருந்து வந்த பெண் ஒருவருக்கு ஹீமோகுளோபின் அளவு பதினொன்று என்றும், செபமாலை கனகசபை அப்துல் காதருக்குப் பதின்மூன்றரை என்றும் எழுதிக் கையொப்பமும் வைத்தேன். ஸேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்."

"எப்பிடி ஸேர்? ஒண்டு பொம்பிளை."

"அதையாவது கண்டுபிடிச்சியே, சந்தோசம்." துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரே இரத்தம் ரெண்டு மறுமொழி சொன்னா, பிழை இரத்தத்தில இல்லை. எதையும் ஒருக்காப் பாத்திட்டு எழுதாதே."

ஸேர் மௌத்தாகி, அடக்கமாகிப் பல வருடம். நான் ஓய்வுபெற்று, வீட்டில் பிலோமினாவுக்கு இடைஞ்சலாக ஆறு மாதம் இருந்து, அவளுடைய ஆசீர்வாதத்தோடு நகரில் ஒரு தனியார் நிலையத்தில் சேர்ந்தேன். வேலை சுகம். இரத்தம் எடுத்துக் குழாயில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புவது, வந்த ரிப்போட்டை உறையில் இட்டுக் கொடுப்பது. உருப்பெருக்கி கிடையாது. மூக்குக்கும் ஓய்வு.

அங்கேதான் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு விற்பனைப் பிரதிநிதி அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்தார். வயிற்று ஊதல், வாயு, களைப்பு, தலையிடி, சொறி, நித்திரையின்மை, எரிச்சல் குணம். இவற்றில் ஏதும் இருந்தால் உங்களுக்கு ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒரு குழாய் இரத்தத்தில் நூற்றுக்கு மேற்பட்ட உணவுகளைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துத் தருவார்களாம். இந்தப் பட்டியலில் ஒன்றாவது இல்லாத மனிதனை நான் மன்னாரில் கண்டதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் பிரதிநிதி, "ஸேருக்கு நாங்கள் இலவசமாச் செய்து தாறம்" என்றார். இலவசம் என்றதும் என் சந்தேகம் மரியாதையாக எழும்பி வெளியே போனது.

என் ரிப்போட்டில் நண்டு, தேங்காய், முட்டை, கோதுமை, பயறு எல்லாம் சிவப்பு. வால்நட்டும் ஸ்ரோபெரியும் பச்சை. மன்னாரில் பிறந்தவன் தினமும் தின்பதெல்லாம் ஆபத்து, கண்ணால் காணாததெல்லாம் பத்திரம். இதிலேயே விசயம் விளங்கியிருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை தேடுவது உணவுகளுக்கு எதிராக இரத்தத்தில் இருக்கும், அன்ரிபொடி எனப்படும் ஒருவகைப் பிறபொருளெதிரிகளை. அவை இருந்தால், உடம்பு அந்த உணவைச் சந்தித்திருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது சாட்சியில்லை. இது பயிற்சிக் காலத்தில் படித்ததுதான். சோதனையில் எழுதிவிட்டு மறந்தவற்றில் அதுவும் ஒன்று.

ஆனால் இரண்டு கிழமையில் என் வயிறு இலேசானது. பின்னேரங்களில் பேக்கரியில் நின்று நான் விழுங்கிக்கொண்டிருந்த மூன்று ரோல்ஸும் சோடாவும் நின்றுபோனதே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்களுக்கெல்லாம் பிரசங்கம் வைத்தேன். என் பேச்சைக் கேட்டு ஐந்து பேர் வந்து இரத்தம் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கும் நானே ஊசி குத்தினேன். அதில் ஒருவன் அன்ரன்.

அன்ரன் எங்கள் ஒழுங்கைக்காரன். வயது நாற்பதுக்குக் கிட்ட. பத்திநாதன் சம்மாட்டியுடைய பைபர் படகில் வலை இழுப்பவன். படகும் வலையும் சம்மாட்டியுடையவை, அன்ரனுக்கு அதில் ஓர் ஆளுக்கான இடம். அந்த இடத்தில்தான் அவன் மனைவி சுகந்தியும் இரண்டு பெண்பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். எட்டு மாதமாக அவனுக்கு வயிறு ஊதி, முறுக்கி, நாளுக்கு நாலைந்து தரம் வெளியே போனது. வைத்தியசாலையில் மலமும் இரத்தமும் பார்த்தார்கள். புழு இல்லை, அமீபா இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, குடல் பதற்றம் என்று குளிசை கொடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லைத்தான். ஆனால் பைபர் படகில் கக்கூஸும் இல்லை. கூட வருகிற இரண்டு பேரும் அவனுக்குப் படகின் பின்பக்கத்தின் பெயரான 'பின்னணியம்' என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

அவன் ரிப்போட்டில் மீன் வகை பாதியும் சிவப்பு. நண்டு, இறால், தேங்காய், மாட்டிறைச்சி, கோதுமை, கள்ளைப் புளிக்கவைக்கிற மதுவம் எல்லாம் சிவப்பு. பால் மட்டும் நல்ல பச்சை. நான் அதை ஒவ்வொன்றாக வாசித்து விளங்கப்படுத்தினேன்.

"அப்ப நான் கடலுக்குப் போய்ப் பிடிக்கிறதெல்லாம் எனக்கு ஆகாதோ அண்ணை?" என்றான்.

"மூண்டு மாதம் பொறு. வயிறு ஆறட்டும்."

சுகந்தி கெட்டிக்காரி. சிவப்பை எல்லாம் குசினியிலிருந்து அகற்றினாள். மனிசன் மெலியக் கூடாதே என்று பச்சையைக் கூட்டினாள். காலையில் பால்மா கரைத்த பால், கடலுக்குக் கொண்டுபோகிற பிளாஸ்கில் கரண்டி நிற்கிற தடிப்பில் பால் தேத்தண்ணி, வந்ததும் இன்னொரு கோப்பை. இரண்டு மாதத்தில் அன்ரன் இன்னும் மெலிந்தான். வயிறு முன்னையைவிட மோசம். "ஆரம்பத்தில் அப்பிடித்தான் இருக்கும்" என்று நான் சொன்னேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். பிரசுரத்தில்தான்.

தவக்காலம் வந்தது. எங்கள் ஆட்கள் அந்த நாற்பது நாளும் தங்களுக்குப் பிடித்த ஒன்றை ஒறுப்பார்கள். அன்ரன் வழக்கமாகக் கள்ளையும் இறைச்சியையும் விடுவான். விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயில் வாசலில் என்னிடம் வந்தான்.

"அண்ணை, இந்தமுறை ஒறுக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. எல்லாத்தையும் உங்கட ரிப்போட் ஒறுத்துப்போட்டுது."

பின்னால் நின்ற சுகந்தி, "ஏன் இல்லை, பால் தேத்தண்ணி கிடக்குத்தானே. அதுக்குத்தானே இப்ப உயிரை விடுறீர்" என்றாள்.

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். ஆனால் சாம்பல் பூசிய நெற்றியோடு மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தான். காலைப் பாலையும் விட்டான்.

ஒரு கிழமைக்குள் வயிறு அடங்கியது. இரண்டாம் கிழமை முகத்தில் இரத்தம் ஊறியது. படகில் அவனுடைய பட்டப்பெயர் செல்லாமற்போனது. சுகந்தி ஒறுத்தலுக்குக் கிடைத்த பலன் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் ரிப்போட்டின் பலன் என்று சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் ஒரு தலத்துக்கும் அடுத்த தலத்துக்கும் இடையில்கூடச் சொன்னதாகப் பிலோமினா இன்றைக்கும் சாதிக்கிறாள்.

உயிர்த்த ஞாயிறன்று நாற்பது நாள் ஆசை தீர அன்ரன் பால் தேத்தண்ணி மூன்று கோப்பை குடித்தான். பிள்ளைகளோடு ஐஸ்கிறீமும் சாப்பிட்டான். செவ்வாய்க்கிழமை பழையபடி தடித்த பால் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு கடலுக்குப் போனான். வலை இழுக்கிற நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் படுத்துவிட்டான். மற்ற இருவரும் வலையை அரைவாசியில் விட்டுவிட்டு அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பத்திநாதன் சம்மாட்டி ஏசவில்லை. "நல்ல தொழிலாளி. வயிறுதான் சரியில்லை. இப்போதைக்கு வேற ஆளை ஏத்திறன், சோளகம் எழும்ப முன்னம் அந்த ஆளையே நிரந்தரமாப் போட்டுடுவன்" என்று மட்டும் சொன்னார். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக்கு ஒரு மாதமும் இல்லை.

மறுநாள் அன்ரன் ரிப்போட்டோடு நிலையத்துக்கு வந்தான். மேசையில் அதை வைத்தான். "அண்ணை, ஒரு இறால் கால்கூடத் தொடயில்லை" என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

எதையாவது செய்ய வேண்டுமே என்று அலுமாரியைத் திறந்து அவனுடைய விண்ணப்பப் படிவத்தின் பிரதியைத் தேடி எடுத்தேன். பெயர், வயது, முகவரி எல்லாம் இருந்தது. நோயின் விவரம் எழுதும் சதுரம் வெறுமையாக இருந்தது. படிவத்தை நிரப்பிய கையெழுத்து என்னுடையது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க என் சட்டை நுனியை நானே தேடினேன்.

பிறகு அவனைக் கதிரையில் இருத்தி, முப்பது வருடத்துக்கு முன் ஹனிபா ஸேர் யன்னலடியில் கேட்ட கேள்விகளைக் கேட்டேன். "என்ன சாப்பிடுறாய்" என்றால் நம் ஆட்கள் சோறு கறி என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் மணித்தியாலத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். எழும்பினதும் என்ன, படகில் என்ன, கரைக்கு வந்ததும் என்ன. தவக்காலத்துக்கு முன் எப்படி, தவக்காலத்தில் எப்படி, உயிர்த்த ஞாயிறிலிருந்து எப்படி. எழுதிய தாளில் மூன்று பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மாறியது ஒன்றே ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரியில பால் குடிக்கிறனீயோ எண்டு கேக்கயில்லையோ?"

"கேட்டவை. இல்லையெண்டனான். பால் சின்னப்பிள்ளையளல்லோ குடிக்கிறது. நான் அப்ப குடிச்சது தேத்தண்ணி."

பாலில் ஒரு சீனி இருக்கிறது. வளர்ந்த பிறகு அதைச் செரிக்கிற வல்லமை பலருக்குக் குறைந்துபோகிறது. செரிக்காத சீனி குடலில் புளித்து வாயுவும் தண்ணீருமாகும். அந்த வர்ணப் பரிசோதனை இந்தச் சீனியைத் தேடவேயில்லை. அது வேறொன்றைத் தேடி, வேறொரு கேள்விக்கு மறுமொழி சொல்லி, பாலுக்குப் பச்சை போட்டது. தினமும் குடித்த பால் எப்படிப் பச்சையில் வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி நான் பட்டது போதும்.

கிளினிக் டொக்டரிடம் தாளோடு அவனை அனுப்பினேன். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்று அவர் தாளை வாசித்தாராம். மீனையும் தேங்காயையும் திரும்பச் சாப்பிடச் சொன்னார். இரண்டு கிழமை பாலை அறவே விட்டு, பிறகு ஒருதரம் குடித்துப் பார்க்கச் சொன்னார். காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, இனியும் மெலிவதோ இருந்தால் காத்திராமல் வரச் சொன்னார்.

அந்த இரண்டு கிழமைக்குள் நான் ஒரு களவு செய்தேன். என் கையிலேயே ஊசி குத்தி, ஒரே இரத்தத்தை இரண்டு குழாயில் நிரப்பினேன். ஒன்றில் என் பெயர். மற்றதில் செபமாலை கனகசபை அப்துல் காதர். இரண்டையும் அந்தச் சாப்பாட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு உறைகள் வந்தன. எனக்கு நண்டு சிவப்பு. அவருக்கு நண்டு பச்சை. எனக்கு முட்டை மஞ்சள், அவருக்குச் சிவப்பு. ஒரே இரத்தம், இரண்டு மறுமொழி. இந்த ஒரு சோடிக் குழாயை வைத்துக்கொண்டு உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஞாயிறு, அப்துல் காதருடைய ரிப்போட்டைப் பிலோமினாவிடம் காட்டி, அவர் சார்பில் மூன்று நண்டு தின்றேன். திங்கட்கிழமை நிலையத்துக்கு வேலை விலகல் கடிதம் கொடுத்தேன். ஊசி குத்திய மற்ற நாலு பேருடைய வீட்டுக்கும் நடந்து போய், அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். ஒருவர் மட்டும் நாயை அவிழ்த்துவிட்டார்.

அன்ரனுக்கு இரண்டு கிழமையும் வயிறு அசையவில்லை. மீன், தேங்காய்ச் சம்பல், நண்டு, எல்லாம் உள்ளே போனது. ஆனால் ஸேர் ஒருதரம் பார்த்துவிட்டு எழுதவிடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை கடல் இல்லை. பூசை முடிந்து அவன் வீட்டுக்குக் கொப்பியோடு போனேன். சுகந்தி ஒரு பெரிய கோப்பைப் பால் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுச் சுவரோடு சாய்ந்திருந்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, பிள்ளைப்பேறு பாக்க வந்த மாதிரி இருக்கிறியள்" என்றாள் சுகந்தி.

"பேசாத. சத்தம் கேக்குதோ எண்டு பாக்கிறன்."

ஒன்றேகால் மணித்தியாலத்தில் சத்தம் கேட்டது. எனக்கு மட்டுமல்ல, குசினியிலிருந்த அவளுக்கும் கேட்டது. அன்ரன் எழும்பிப் பின்பக்கம் போனான். திரும்பி வரும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்தரம் சிரித்தான்.

அன்று பின்னேரமே பத்திநாதன் சம்மாட்டியிடம் போனேன். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சோளகத்துக்கு ஒரு கிழமைதான். புதிய ஆளோடு பேசி முடித்துவிட்டாரோ என்று எனக்கு உள்ளே பதற்றம். பதற்றத்தில் கூடுதலாகக் கதைப்பது என் பழக்கம். பாலின் சீனியில் தொடங்கினேன், பிறபொருளெதிரிக்குப் போனேன், ஹனிபா ஸேரைக் கொண்டுவந்தேன், தவக்காலத்தை மூன்று பத்தியாகப் பிரித்து மணலில் கீறிக் காட்டினேன். பிழை முழுவதும் என்னுடையது, அன்ரனுடைய வயிற்றில் ஒரு பிழையும் இல்லை, பால் படாதவரையில் அது இரும்பு என்றேன். அவர் ஊசியை வலையில் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நம்பவில்லையாக்கும் என்று நினைத்து, வேண்டுமென்றால் ஒரு கிழமைக்கு நானும் படகில் வருகிறேன், கொப்பியோடு பக்கத்தில் இருந்து அவனுடைய வயிற்றுக்குப் பொறுப்பு நிற்கிறேன் என்றேன்.

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அன்ரனை விடியக் கரைக்கு வரச் சொல்லுங்கோ, நீங்கள் வீட்டில நில்லுங்கோ."